செய்தி வேலையை விட்டவர்கள் எங்கே போகிறார்கள்? அவர்களுடைய ‘பீட்’ சொல்லும் பதில்

2021 நவம்பர் 2. ‘ஜெய் பீம்’ அமேசான் பிரைமில் வெளியானது. காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ஒருவருக்காக நடந்த ஆட்கொணர்வு வழக்குதான் கதை. படத்தை இயக்கிய த.செ.ஞானவேல், சினிமாவுக்கு வருவதற்கு முன்பு ஆனந்த விகடனில் செய்தியாளராக இருந்தவர்.

1965 ஆகஸ்ட். மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூருக்கு ஒரு வெளியுறவு அமைச்சர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பை ஏற்ற எஸ்.ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். ஆறு வருடங்களுக்கு முன்புவரை அவர் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

1999. கூகுள் என்ற புது நிறுவனத்தில் செக்கோயா கேபிடல் பணம் போட்டது. அந்த முதலீட்டுக்குப் பின்னால் இருந்த மைக்கேல் மோரிட்ஸ், ‘டைம்’ இதழின் முன்னாள் நிருபர்.

சினிமா, அமைச்சர் பதவி, வென்ச்சர் கேபிடல் என்று மூன்று பேரும் மூன்று திசையில் போனவர்கள். ஹெச்.ஆர். பார்வையில் இதெல்லாம் ‘எதிர்பாராத கேரியர் சேஞ்ச்’. ஆனால் இவர்கள் விட்டுவந்த வேலையையும் போய்ச் சேர்ந்த வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பொதுவான விஷயம் தெரிகிறது. அது என்ன? நீங்கள் செய்தித் துறையில் இருந்தாலும் சரி, வேறு துறையில் இருந்துகொண்டு ‘அடுத்து என்ன பண்றது’ என்று யோசித்துக்கொண்டிருந்தாலும் சரி, அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

ஏன் விடுகிறார்கள்?

முதல் காரணம், வேலையே குறைகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, அந்நாட்டுச் செய்தி அறைகளில் 2008-ல் சுமார் 1,14,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020-ல் அது சுமார் 85,000 ஆகிவிட்டது. நாளிதழ்களை மட்டும் எடுத்தால் 71,000 பேர் 31,000 ஆகக் குறைந்தார்கள். 12 வருடத்தில் பாதிக்கும் மேல் காலி.

இந்தியாவிலும் இதே காற்று அடித்தது. 2019 அக்டோபரில் ‘டி.என்.ஏ.’ நாளிதழ் அச்சை நிறுத்தியது. 2020 டிசம்பரில் ‘புனே மிரர்’ மூடப்படுவதாகவும், ‘மும்பை மிரர்’ நாளிதழாக இருந்தது வார இதழாகச் சுருங்குவதாகவும் அறிவிப்பு வந்தது. ஒரு பதிப்பு மூடும்போது நகராட்சியைத் தெரிந்தவர், நீதிமன்றத்தைத் தெரிந்தவர், ஆஸ்பத்திரிகளைத் தெரிந்தவர் எல்லாரும் ஒரே நாளில் வெளியே வருகிறார்கள்.

இரண்டாவது, சம்பளமும் நேரமும். இரவு ஷிப்ட், பண்டிகை நாளில் டியூட்டி, பத்து வருட அனுபவத்துக்குப் பிறகும் மெதுவாக நகரும் ஊதியம். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அப்பா அம்மா மருத்துவச் செலவு என்று வரும்போது மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, மனசாட்சி. ‘இதை எழுத வேண்டாம்’ என்று மேலிடம் சொல்வதும், எழுதக்கூடாததை எழுதச் சொல்வதும். இப்படி ஒரு காரணம் இருப்பதை இந்தியச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

பெங்களூரில் இது ஏன் சகஜம்?

இந்தக் கட்டுரை எழுதப்படும் ஜோகுபாளையம், அல்சூர் ஏரிக்கும் இந்திராநகருக்கும் நடுவில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. பக்கத்தில் ஹலசூரு மெட்ரோ நிலையம். மேற்கே இரண்டு ஸ்டாப் போனால் எம்.ஜி. ரோடு. ‘டெக்கான் ஹெரால்டு’, ‘பிரஜாவாணி’ அலுவலகம் அங்கேதான். கிழக்கே ஒரே ஸ்டாப் போனால் இந்திராநகர். ஸ்டார்ட்அப்களும், கோ-ஒர்க்கிங் இடங்களும், அவர்கள் மீட்டிங் போடும் காபி கடைகளும் அங்கே.

ஒரே மெட்ரோ லைனில், நாலு நிலையங்களுக்குள், செய்தி அறையும் இருக்கிறது, செய்தி அறையை விட்டவர்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ பத்திரிகையை விடுபவர் சினிமா, அரசியல், பதிப்பகம் என்று யோசித்தால், பெங்களூரில் விடுபவருக்கு முதலில் கண்ணில் படுவது டெக் கம்பெனி.

என்னென்ன வேலைக்குப் போகிறார்கள்?

எதிர்பார்த்த பட்டியல் எல்லாருக்கும் தெரியும்: பி.ஆர்., கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ், விளம்பரம், கன்டென்ட் மார்க்கெட்டிங், கல்லூரியில் இதழியல் பாடம் எடுப்பது. கொஞ்சம் ஆச்சரியப்படுத்தும் பட்டியல் வேறு:

• பயனர் ஆய்வாளர்: ஒரு செயலியைப் பயன்படுத்துபவர்களிடம் பேசி, அவர்களுக்கு எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்கும் வேலை. பேட்டி எடுக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

• கன்டென்ட் டிசைனர்: ‘பணம் போகவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது’ என்ற குழப்பத்தை ஒரு சின்னத் திரையில், இரண்டு வரியில் புரியவைப்பவர். தலைப்பு போட்டுப் பழகிய சப்-எடிட்டருக்கு இது புதுசு இல்லை.

• நிறுவனப் பின்புல ஆய்வு: ஒரு கம்பெனியை வாங்குவதற்கு முன்பு அதன் நிறுவனர், வழக்குகள், கடன்கள், பினாமி தொடர்புகள் பற்றி ஆவணங்களை வைத்து விசாரிப்பது. புலனாய்வுச் செய்தியாளரின் வேலைதான். ஒரே வித்தியாசம், அறிக்கையை ஒரே ஒரு கிளையன்ட் மட்டும்தான் படிப்பார்.

• தளப் பாதுகாப்பு: சமூக ஊடக நிறுவனங்களில் பொய்ச் செய்தி, வெறுப்புப் பேச்சு பற்றிய விதிகளை எழுதுவதும் அமல்படுத்துவதும்.

• தரவு, கொள்கை ஆய்வு: அரசு அறிக்கைகளைப் படித்து, எண்களை ஒழுங்குபடுத்தி, தெளிவான தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்வது. ‘தி இந்து’வின் தரவுப் பிரிவு ஆசிரியராக இருந்த ருக்மிணி எஸ்., சென்னையிலிருந்து தொடங்கிய ‘டேட்டா ஃபார் இந்தியா’ இந்த வகைக்கு நல்ல உதாரணம்.

சரி, அந்தப் பொதுவான விஷயம் என்ன?

பெரிய தாவல் தாவியவர்களின் கதைகளைப் பார்த்தால், அவர்கள் வேலையை விட்டார்கள், ‘பீட்’டை விடவில்லை. பீட் என்றால் ஒரு செய்தியாளர் தொடர்ந்து கவனிக்கும் துறை: போலீஸ், கோர்ட், சுகாதாரம், டெக், கிராமம்.

மோரிட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ‘டைம்’ இதழுக்காக சிலிக்கான் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியவர். ஆப்பிள் நிறுவனத்தின் ஆரம்பக் கதையை ‘தி லிட்டில் கிங்டம்’ என்ற புத்தகமாக 1984-ல் வெளியிட்டார். 1986-ல் செக்கோயாவில் சேர்ந்தார். நிதிப் பின்னணியோ இன்ஜினீயரிங் பட்டமோ அவரை அங்கே கொண்டுபோகவில்லை. நிறுவனர்களைப் பார்த்து ‘இவர் சொல்றது நடக்குமா?’ என்று எடைபோடும் பழக்கம் செய்தியாளராக இருந்தபோதே வந்துவிட்டது.

டேவிட் சைமன் 1982 முதல் 1995 வரை ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் இருந்தார், பெரும்பாலும் போலீஸ் செய்திகள். நிறுவனம் ஆட்குறைப்புக்காகப் பணம் கொடுத்து அனுப்பியபோது வெளியே வந்தார். 2002-ல் ஹெச்.பி.ஓ.வில் அவர் உருவாக்கிய ‘தி வயர்’ தொடங்கியது. அதே பால்டிமோர், அதே போலீஸ், அதே போதைப்பொருள் தெருக்கள். கடைசி சீசனில் ஒரு நாளிதழ் அலுவலகமும் வருகிறது.

தமிழிலும் இதே பாதைதான். ‘ஜெய் பீம்’ 1993-ல் நடந்த ஒரு காவல் மரணத்தையும், அதற்காக வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு நடத்திய வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. ஆவணம், சாட்சி, தேதி, முரண்பாடு என்று ஒரு செய்தியாளர் கதையைத் துரத்துவது மாதிரியே திரைக்கதையும் நகர்கிறது. ராஜுமுருகனும் ஆனந்த விகடனிலிருந்து வந்தவர். 2016-ல் வந்த அவருடைய ‘ஜோக்கர்’, கழிப்பறை கட்டும் அரசுத் திட்டத்தில் நடக்கும் ஊழல் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்று காட்டியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. மாவட்ட நிருபர்கள் நாலு பத்திச் செய்தியாகக் கொடுத்து, உள்பக்கத்தில் மறைந்துபோகும் விஷயம் அது.

பெங்களூரில் ரோகிணி நிலேகணி. 1980-ல் ‘பாம்பே’ என்ற இதழில் செய்தியாளராகத் தொடங்கியவர், பிறகு ‘சண்டே’ இதழிலும் எழுதினார். 2001-ல் ‘அர்க்யம்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். அது பின்னர் தண்ணீர், சுகாதாரம் என்ற ஒரே துறையில் கவனம் வைத்தது. 2004-ல் ‘பிரதம் புக்ஸ்’ பதிப்பகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். குழந்தைகளுக்குக் குறைந்த விலையில், பல இந்திய மொழிகளில் புத்தகம் என்பது அதன் நோக்கம். ‘யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை’ என்ற நிருபரின் கேள்வியே இங்கே நிறுவனமாக மாறியது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: இன்ஃபோசிஸ் பங்குகள் தந்த வசதி அவருக்கு இருந்தது. அந்த மெத்தை எல்லாருக்கும் கிடையாது.

ராஜரத்தினம் கதையும் இதே ரகம். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், இரண்டாம் உலகப் போரில் குடும்பத்திலிருந்து பணம் வருவது நின்றதும் எழுத்தை வைத்துப் பிழைத்தார். ஊர் திரும்பி ‘மலாயா டிரிபியூன்’, ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு’, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ என்று வேலை பார்த்தார். காலனி ஆட்சியை விமர்சித்தும், பல இனங்கள் சேர்ந்து வாழும் நாடு எப்படி இருக்கவேண்டும் என்றும் எழுதினார். 1959-ல் தேர்தலில் நின்று அமைச்சரானார். 1966-ல் சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை எழுதியதும், 1967-ல் ஆசியான் அமைப்பின் தொடக்கப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும் அவரே. அதுவரை கட்டுரையில் சொன்னதை அதன் பிறகு அரசாணையில் சொன்னார்.

அரசியலுக்குப் போவது தனிக் கதையா?

ஆமாம், கொஞ்சம் தனிதான். கனிமொழி ‘தி இந்து’வில் துணை ஆசிரியராகவும், ‘குங்குமம்’ இதழின் ஆசிரியராகவும், சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’விலும் வேலை பார்த்து, 2007-ல் மாநிலங்களவைக்குப் போனார். கர்நாடகத்தில் கன்னடப் பத்தி எழுத்தாளராகப் பிரபலமான பிரதாப் சிம்ஹா 2014-ல் மைசூரு எம்.பி. ஆனார். ‘பிரஜாவாணி’யில் இருந்த தினேஷ் அமீன் மட்டு, சித்தராமையாவின் முதல் ஆட்சிக்காலத்தில் முதல்வரின் ஊடக ஆலோசகர் ஆனார்.

கட்சி எதுவானாலும் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும்: ‘அப்போ இவர் முன்னாடி எழுதினதெல்லாம் யாருக்காக?’ நியாயமான சந்தேகம். சினிமாவுக்கோ டெக் கம்பெனிக்கோ போகிறவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு வராது. நேற்றுவரை யாரைக் கேள்வி கேட்டீர்களோ, இன்று அவரிடமே சம்பளம் வாங்கினால் கட்டாயம் வரும். ஒரு துறையைப் பற்றி எழுதிக்கொண்டே அதே துறையில் வேலைக்குப் பேச்சு நடத்துவது தப்பு. பேச்சு தொடங்கிய அன்றே எடிட்டரிடம் சொல்லி அந்த பீட்டிலிருந்து விலகிக்கொள்வதுதான் சரி.

எல்லாருக்கும் கைகொடுத்ததா?

இல்லை. தமிழில் அதற்குப் புதுமைப்பித்தனே சாட்சி. ‘தினமணி’யில் உதவி ஆசிரியராக இருந்தவர், 1943-ல் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு முரண்பட்டு வெளியேறியபோது கூடவே வெளியேறினார். பிறகு சொக்கலிங்கத்தின் ‘தினசரி’. அங்கிருந்து சினிமா. சொந்தப் படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தார், படம் முடியவில்லை. எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ பட வேலைக்காகப் புனேவுக்குப் போனார். காசநோய் அங்கேயே முற்றியது. 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. குடும்பத்துக்குச் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. கையில் காசும், உடம்புக்குப் பாதுகாப்பும் இல்லாமல் தாவினார் என்பதுதான் வித்தியாசம். ஜெயித்தவர்களின் பட்டியலை மட்டும் படித்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

எது கூட வரும், எது வராது?

கூட வருவது நாலு விஷயம். தெரியாதவரிடம் கேள்வி கேட்கும் தைரியம். சொன்னதை அப்படியே நம்பாமல் இன்னொரு இடத்தில் சரிபார்க்கும் பழக்கம். சிக்கலானதைச் சுருக்கிச் சொல்லும் திறமை. டெட்லைனுக்குள் முடிப்பது. ரெஸ்யூமேயில் ‘500 செய்திகள் எழுதினேன்’ என்று போட்டால் ஹெச்.ஆருக்குப் புரியாது. ‘மூன்று வருடம் மாநகராட்சி பட்ஜெட்டைத் தொடர்ந்து ஆய்வு செய்தேன், ஆர்.டி.ஐ. மூலம் ஆவணம் வாங்கினேன், பொதுமக்களுக்குப் புரியும்படி விளக்கினேன்’ என்று போட்டால் புரியும்.

கூட வராதவை: பிரஸ் கார்டு, பைலைன், ஒரு போன் போட்டால் கமிஷனர் எடுப்பார் என்ற வசதி. அந்த போனை அவர் எடுத்தது உங்கள் நிறுவனத்துக்காக. முதல் மாதத்திலேயே இது தெரிந்துவிடும், கொஞ்சம் வலிக்கும். உங்களை நம்பி ரகசியம் சொன்ன சோர்ஸின் பெயரும் புது வேலைக்குக் கூட வரக்கூடாது. வேலை முடிந்தாலும் அந்த வாக்கு முடியாது.

விடும் முன் சட்டத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மனசாட்சி விதி: 1955-ம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பணிக்கொடையில் ஒரு அபூர்வமான வேறுபாடு வைத்தது. வேறு எந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்தாலும் 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் பணிக்கொடை. மனசாட்சி காரணமாக ராஜினாமா செய்தால் 3 வருடமே போதும். ஆனால் அந்தச் சட்டம் அச்சுப் பத்திரிகைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது.

இப்போது என்ன நிலை: 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. உழைக்கும் பத்திரிகையாளர் என்பதற்கான வரையறையில் மின்னணு, டிஜிட்டல் ஊடகமும் சேர்ந்தது. மற்ற ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறப் பொதுவாக 5 வருடம், உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கு 3 வருடம். ஒரு வருடத்துக்கு 15 நாள் ஊதியம் என்பது கணக்கு, மாதத்துக்கு 26 வேலை நாள். சட்டப்படியான மாத ஊதியம் ரூ.26,000 என்றால் வருடத்துக்கு ரூ.15,000. மூன்று வருடத்துக்கு ரூ.45,000. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் வரும்போது இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதியது யாருடையது: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17. பத்திரிகை ஊழியராக நீங்கள் எழுதிய கட்டுரையைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு. மற்ற விதங்களில், உதாரணத்துக்குப் படமாகவோ நாடகமாகவோ ஆக்கும் உரிமை, எழுதியவருக்கு. ஆனால் ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் ஒப்பந்தம்தான் செல்லும். அதனால் வேலையில் சேரும்போது கையெழுத்து போட்ட அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகும் தொடரும் இத்தகைய தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ரகசியத் தகவல்களை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை வேறு, அது செல்லும்.

பி.எஃப். பணம்: 5 வருட சர்வீஸ் ஆவதற்கு முன்பு எடுத்தால் வரி வரும். எடுப்பதைவிட, அதே யு.ஏ.என். எண்ணில் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

போனவர்களால் யாருக்கு நஷ்டம்?

விட்டவருக்கு நல்ல சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைக்கிறது. அதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. மோரிட்ஸ் போனதால் ‘டைம்’ நின்றுவிடவில்லை. ஆனால் மாவட்ட கோர்ட்டில் பத்து வருடம் உட்கார்ந்து, எந்த வழக்கு எத்தனை முறை தள்ளிப்போனது என்று நினைவில் வைத்திருந்த ஒருவர் போனால், அந்த நினைவும் போகிறது. புதிதாக வருபவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ‘ஜெய் பீம்’ மாதிரி ஒரு படத்துக்கு மூலமாக இருந்த வழக்குகள் நம் நினைவில் இருப்பதற்குக் காரணம், யாரோ ஒரு நிருபர் அன்றன்றைக்கு கோர்ட்டுக்குப் போய் எழுதியதும்தான்.

செய்தி நிறுவனங்கள் இதிலிருந்து செய்யக்கூடியது எளிது. ஒருவர் நோட்டீஸ் கொடுத்ததும் லேப்டாப்பைத் திருப்பி வாங்குவதோடு நிறுத்தாமல், அவருடைய பீட்டையும் திருப்பி வாங்க வேண்டும்: நிலுவையில் இருக்கும் கதைகள், ஆர்.டி.ஐ. பதில்கள், வழக்கு எண்கள், எந்த அலுவலகத்தில் எந்த ஆவணம் கிடைக்கும் என்ற குறிப்பு. சோர்ஸின் பெயரை மட்டும், அந்த சோர்ஸே சம்மதித்தால் கொடுக்கலாம்.

விடப்போகிறவர் செய்யக்கூடியதும் எளிதுதான். ‘எனக்கு எழுத வரும்’ என்று வேலை தேடாதீர்கள், அது நிறைய பேருக்கு வரும். மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறை எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் துறையில் செய்தியாளர் தவிர வேறு யாரெல்லாம் வேலை செய்கிறார்கள் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களிடம் பேச ஆரம்பியுங்கள். அடுத்த வேலை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.